மஞ்சள் புள்ளி இல்லாத போல்ட்

இளக்கியை வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்து அழுத்தினால் பதினொரு நொடி போதும். மெல்லிய நடுக்கம் ஒன்று இரும்பு முழுக்க ஓடும். இருபது வருடத் துருவும் மாவாக உதிரும். சோப்புக்கட்டி அளவுள்ள அந்தக் கருவி வந்த பிறகு, இறுகிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருக்கும் வேலை நாமக்கல் பட்டறைகளில் ஒழிந்துபோனது.

கழற்றிய போல்ட்டைத் திரும்ப முறுக்கியதும் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி இருந்தால் அந்த போல்ட்டை மறந்துவிடலாம்.

வாகன ஆய்வாளர் ஜெயசீலன் மேசைமீது வைத்த போல்ட்டில் புள்ளி இல்லை. பூங்கோதை அதையே பார்த்தாள். அவள் கணவன் மாதேசன் லாரியோடு மலைப்பாதையில் கவிழ்ந்து இறந்து இருபத்தொரு நாள் ஆகிறது. அழுதுவிடு என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அழுகை வரவில்லை. லாரிகள் வந்து நின்றதால் தன் பட்டறையைத் திறந்திருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் லாரியோட ஸ்டியரிங் பெட்டி போல்ட்டும்மா. ரோட்டுல கிடந்தது. நீங்க கழட்டுனதா?”

“இல்லீங்க. பிரேக் வேலை மட்டுந்தானுங்க பார்த்தேன். அதை நான் தொடவே இல்ல.”

“இளக்கிய எங்க வச்சீங்க?”

“சட்டத்துலதானுங்க.”

“இளக்கிமேல மூடியை மாட்டி, கழட்டுற போல்ட்டுல மட்டும் வைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே?”

“ஒவ்வொண்ணா வச்சா அரை நாள் போயிருமுங்க. இங்க எல்லாரும் சட்டத்துலதான் வைக்கிறோம். ஒரே அமுக்கு.”

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. எது பிரேக் போல்ட், எது ஸ்டியரிங் போல்ட் என்று நடுக்கத்துக்குத் தெரியாது. கிழட்டு வண்டியில் போல்ட்டின் மரை எப்போதோ தேய்ந்திருக்கும். இத்தனை காலம் அந்த போல்ட்டைப் பிடித்துவைத்திருந்தது துருதான். அதையும் உதிர்த்துவிட்டு, தான் தொட்டதை மட்டும் முறுக்கிப் புள்ளி வைத்திருக்கிறாள்.

“அப்ப நான்தானுங்களா?”

ஜெயசீலன் குறிப்பேட்டைத் திறந்தார். “இப்படி எத்தனை வண்டிக்கு வச்சிருப்பீங்க?” என்றார்.

“ஆறு வருசமா வந்த எல்லா வண்டிக்குமுங்க. போன மாசம் உங்க ஜீப்புக்கும்.”

அவர் வாசலில் நின்ற ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பூங்கோதை ஸ்பானரும் பெயிண்டுமாக ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தாள். புள்ளி வைத்தவை எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. ஸ்டியரிங் பெட்டியில் புள்ளி இல்லாத ஒன்றை இரண்டு விரலால் திருகினாள். சுற்றியது.

“லூசுங்க,” என்றாள்.

வெளியே இருந்து அவர் குரல் வந்தது. “நான் இரும்புப் பாலத்து வழியாத்தாம்மா வந்தேன். போன வருசம் அதுல பழைய தூணு ரெண்டு மாத்துனாங்க.”

“அந்தப் போல்ட்டை எல்லாம் எதை வச்சுங்க கழட்டுனாங்க?”

அவர் யாருக்கோ போன் போட்டார். எடுக்கவில்லை, மறுபடி போட்டார்.

ஜீப்புக்கு அடியில் இருந்தபடியே பாலம் தெரிந்தது. அதன்மேல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாதிக்குமேல் அவள் கை பட்டவை. போல்ட்டை முறுக்கிப் புள்ளி வைத்தாள். இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தாள்.