வட்டு எதுவும் காணப்படவில்லை

புதுக்கொற்கையில் காலை ஆறரை மணிக்கு எல்லோரும் பல் துலக்கிக்கொண்டே தலையை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள். பதினைந்து வினாடிகள் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. பிரஷ் வாயிலேயே நிற்கும். பிறகு காதுக்குப் பின்னால் ஒரு சிறு துடிப்பு, வெளிச்சம் வரும், கை விட்ட இடத்திலிருந்து மறுபடி துலக்கத் தொடங்கும். செவ்வாய்க் கோளில் பிறந்தவர்களுக்கு இது கொட்டாவி விடுவதைப் போல. பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள்தான் முதல் வாரம் குளியலறைக்குள் அலறுவார்கள்.

எல்லாம் உள்மணிக்காக. காதுக்குப் பின்னால், எலும்புக்குள், நெல்மணி அளவில் புதைந்திருக்கும் கருவி அது. கதவு திறப்பது, காற்றழுத்தம் பார்ப்பது, இயந்திரங்களோடு பேசுவது, கற்ற தொழிலை மறக்காமல் வைத்திருப்பது எல்லாமே அதன் வேலை. அதற்குள் ஓடிய இயங்குதளத்தின் பெயர் கெல்வா. பூமியில் ஒரு நிறுவனம் செய்தது. கெல்வா பூமிப் பொதுமொழியில் யோசிக்கும். அதனால் புதுக்கொற்கையின் நாலாயிரத்து இருநூறு பேரும் வீட்டில் தமிழ் பேசினாலும், எண்ணுவதும் கணிப்பதும் மேடையில் பேசுவதும் பொதுமொழியில்தான்.

இது இசக்கியை உறுத்திக்கொண்டே இருந்தது. இசக்கி உள்மணிப் பொறியாளர். பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒன்பது வருடம் உழைத்து 'விழிப்பு' என்ற இயங்குதளத்தைச் செய்தாள். மனித குலத்தில் பூமிக்கு வெளியே எழுதப்பட்ட முதல் இயங்குதளம். அது தமிழில் யோசிக்கும். சரக்குக் கப்பல்கள் கெல்வாவோடு மட்டுமே பேசும் என்பதால், கெல்வாவை நீக்காமல் பக்கத்திலேயே விழிப்பையும் நிறுவுவது என்று நகர்மன்றம் முடிவு செய்தது. ஒரு நிபந்தனை: குடியேற்ற நாளன்று மாலைக்குள் எல்லோர் முன்னாலும் நிறுவிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கெல்வாவுடனான ஒப்பந்தம் இன்னும் பத்து வருடத்துக்குத் தானாக நீளும்.

ஊரார் முன்னால் நிறுவ முதல் தலையாக, நகர்மன்றத் தலைவரும் விண்கப்பல் துறைமுகத்தை நடத்துபவருமான ஜெரோம் பெர்னாந்துவின் தலை முடிவானது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரிய குவிமாடத்துக்குள் ஊரே கூடியிருந்தது. தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். இசக்கி அவர் காதுக்குப் பின்னால் வாசிப்பு ஊசியைப் பொருத்தி, விழிப்பை உள்ளே ஏற்றும் நிறுவியை ஓட்டினாள். மேடைக்கு மேலே இருந்த பெரிய திரையில், ஊர் முழுக்கப் படிக்கும்படி, ஒரு வரி வந்தது.

'வட்டு எதுவும் காணப்படவில்லை.'

உள்மணிக்குள் வட்டமாக எதுவும் கிடையாது. நினைவகத்துக்கு வட்டு என்பது இருநூறு வருடப் பழைய பெயர், யாரும் மாற்றவில்லை. ஆனால் கூட்டத்துக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

"தலைவர் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் தலைவர். அவரால் திரையைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல தலைவரே. கொஞ்சம் பொறுங்க."

இசக்கி ஊசியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினாள். அதே வரி. கூடவே நின்ற சாதிக், நிறுவியின் பாதியை எழுதியவன், அவள் காதருகே குனிந்தான். "கட்டுமுறையில இருக்கான்னு பாரு."

அவன் சொன்னது சரிதான். நினைவகத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் கட்டி, தனக்கு மட்டும் தெரியும்படி மறைத்து வைப்பது கெல்வாவின் வழக்கம். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த கூட்டாளிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே அவிழ்த்திருந்தார்கள். தலைவருக்கு அவிழ்க்க விட்டுப்போயிருந்தது. இசக்கி கட்டை அவிழ்த்தாள். வட்டு தெரிந்தது. கூட்டம் கை தட்டியது.

அவள் தட்டவில்லை. வட்டு தெரிந்தது, ஆனால் அதில் பிரிவுகள் தெரியவில்லை. கெல்வா ஒரு பிரிவாகவும், வீட்டு நினைவு ஒரு பிரிவாகவும், தலைவரின் இருபத்திரண்டு வருடத் தொழில்நினைவு இன்னொரு பிரிவாகவும் தெரிய வேண்டிய இடத்தில், முழுவதும் வெற்றிடம் என்று காட்டியது நிறுவி. கீழே 'தொடர்க' என்ற பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது.

"காலியா இருக்குங்குதே. போட்டுடலாமா?" என்றான் சாதிக்.

"காலியா இல்ல. நமக்குக் கண்ணு தெரியல, அவ்வளவுதான். இதை அமுக்கினா அவருக்குத் துறைமுகத்தை நடத்தவே தெரியாமப் போயிடும்."

கெல்வா நிறுவனத்தின் பிரதிநிதி ஹெல்கா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். கெட்டவள் அல்ல, உதவத்தான் வந்தாள். "முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் எங்கள் வழிகாட்டியில் இருக்கும் முறை" என்றாள் பொதுமொழியில். "ஐந்து நிமிடம் ஆகும். கெல்வாவை நான் பிறகு திருப்பித் தருகிறேன். நினைவுக்கு மட்டும் பொறுப்பேற்க முடியாது."

"நன்றி. அழிக்கப் போவதில்லை" என்றாள் இசக்கி.

ஆய்வகத்தில் பதினோரு தலைகளிலும் இது வேலை செய்தது. இந்தத் தலையில் என்ன வேறுபாடு? அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தலைவரே, உங்க மணியை எப்பவாவது பெரிசாக்கினாங்களா?"

"ஆமா. குவிமாடம் விரிசல் விட்ட வருஷம். துறைமுகம் மொத்தமும் என் தலையில விழுந்தது. இடம் பத்தலன்னு ஒரு கப்பல் பொறியாளர் அவசர அவசரமாப் பண்ணிவிட்டார். எனக்கு மட்டுமில்ல, அன்னிக்கு எழுநூறு பேருக்குப் பண்ணினார்."

இசக்கிக்கு விளங்கிவிட்டது. எந்த வட்டுக்கும் பிரிவுகளைச் சொல்லும் வரைபடம் ஒன்று உண்டு. அது வட்டின் தலைப்பகுதியில், அதாவது தொடக்கத்தில், இருக்கும். அதன் நகல் வாலில் இருக்கும். அந்தப் பொறியாளர் தலைப்பகுதியில் புது வரைபடம் எழுதிவிட்டு, வாலில் இருந்த பழைய நகலை நீக்க மறந்திருக்கிறார். கெல்வா ஒன்றை மட்டும் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. விழிப்பு ஒழுங்கான பிள்ளை, இரண்டையும் பார்த்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் இரண்டையுமே நம்பவில்லை.

ஒன்றை நீக்கினால் போதும். கெல்வா பார்ப்பது எதை என்று அது யாருக்கும் சொல்லாது. தலைப்பகுதியில் இருப்பதுதான் புதியது என்பதும் அவளுடைய ஊகம்தான். தவறானதை நீக்கினால் விரிசலுக்குப் பிந்தைய பன்னிரண்டு வருட நினைவும் போய்விடும்.

"விரிசலுக்குப் பிறகு நீங்க படிச்ச ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. முன்னால தெரியாததா இருக்கணும்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வடக்குத் துறையின் நங்கூர விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் விதி, இரண்டாம் விதி. அரங்கம் அடங்கிக் கேட்டது. வாசிப்புத் திரையில், அவர் ஒவ்வொரு விதியைச் சொல்லும்போதும் நினைவகத்தில் ஓர் இடம் மினுங்கியது. பழைய நகலின்படி அந்த இடமே வட்டுக்கு வெளியே இருந்தது. தலைப்பகுதி வரைபடத்தின்படி அது மூன்றாம் பிரிவின் நடுவில்.

ஏழாம் விதியில் இசக்கி பழைய நகலை வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, வாலிலிருந்து நீக்கினாள்.  

திரை ஒருமுறை கறுத்து மீண்டது. கெல்வா, வீட்டு நினைவு, தொழில்நினைவு என மூன்று பிரிவுகள் வரிசையாக நின்றன. கடைசியில், உண்மையிலேயே காலியாக, கொஞ்சம் இடம்.

"எட்டாவது விதி சொல்லவா, போதுமா?" என்றார் தலைவர்.

"போதும் தலைவரே. வழி கிடைச்சிடுச்சு."

இருபது நிமிடத்தில் விழிப்பு அந்தக் காலி இடத்தில் குடியேறியது. தலைவர் எழுந்தபோது அவர் கண்ணுக்குள் இரண்டு பெயர்கள் தோன்றின: கெல்வா, விழிப்பு. தேர்ந்தெடுக்கப் பத்து வினாடி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். குவிமாடக் கதவை நோக்கி நடந்தார். கதவு திறந்தது.

"வாங்க. காற்றழுத்தம் சீராக இருக்கிறது" என்றது கதவு.

செவ்வாயில் ஒரு கதவு தமிழில் பேசியது அதுவே முதல் தடவை. முதியவர்கள் அழுதார்கள். ஹெல்கா கூட எழுந்து நின்று கை தட்டினாள். இசக்கி கருவிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். 

எட்டு மாதத்தில் நாலாயிரத்து இருநூறு பேருக்கும் நிறுவியாயிற்று. பழுதுபட்ட அந்த எழுநூறு வரைபடங்களையும் அவளே உட்கார்ந்து சரிசெய்தாள். 'எங்கள் விழிப்பு' என்று பொறித்த வில்லையைச் சட்டையில் குத்தாத ஆளே ஊரில் இல்லை. வேறு இரண்டு குடியேற்றங்கள் நகல் கேட்டு எழுதின.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, மேடையில் சொல்வதற்காக, பயன்பாட்டுக் கணக்கை எடுத்தாள். முந்தின நாள் காலை விழிப்பைத் தேர்ந்தெடுத்துக் கண் திறந்தவர்கள்: பத்தொன்பது பேர். எடுத்த முறை தவறோ என்று மறுபடி எடுத்தாள். பத்தொன்பதேதான். பழுது எதுவும் இல்லை. பத்து வினாடிக்குள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் பெயர் தானாக ஓடும். முதல் பெயர் கெல்வா.

அவள் தலைவரிடம் போனாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"காலைல அவசரத்துல அது பாட்டுக்கு வந்துடுதும்மா. பழகினது வேற."

"விழிப்பை முதல் பேரா மாத்திடவா?"

"ஐயோ, வேண்டாம். சனங்க தடுமாறிடுவாங்க."

"அப்ப எடுத்துடவா?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுக்கறதா? யாராவது அதுல கை வச்சுப் பாக்கட்டும். இந்த ஊரே உயிரைக் கொடுக்கும்."

உண்மையாகத்தான் சொன்னார். இசக்கி வீட்டுக்குப் போய், யோசித்து, தன்னுடைய கணக்கையும் எடுத்தாள். கடைசியாக அவள் விழிப்பில் கண் திறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

ஆண்டு விழாவில் குவிமாடம் நிரம்பி வழிந்தது. தலைவர் மேடையேறி, சொந்த மொழியில் சிந்திக்கும் இனமே நிமிர்ந்து நிற்கும் என்று பேசினார்.  இசக்கியின் பெயரை அவர் சொன்னபோது நாலாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். அவளும் கண் கலங்கிக் கை தட்டினாள். பேச்சு முழுவதும் பூமிப் பொதுமொழியில் இருந்தது. அரங்கில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவளும், தட்டி முடித்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள்.