மிஞ்ச வேண்டிய ஒன்று

நியாயத்தை நேசிப்போரே, வாருங்கள். 1985ஆம் ஆண்டு, அச்சுவேலிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் மண்டபத்துக்குள் வந்து தரையில் கிடக்கும் புளியங்கொட்டைகளைப் பாருங்கள். ஒரு மாணவியின் மானம் அங்கே பட்டப்பகலில் களவாடப்பட்டது.

பனையேறும் தொழிலாளியின் மகள் அற்புதராணி, கணிதக் கண்காட்சிக்கு ஒரு போத்தல் நிறையக் கொட்டை வைத்திருந்தாள். எத்தனை என்று எவருக்கும் சொல்லவில்லை, அதுதான் புதிர்.

"ஆரும் இதைச் சமவரிசையளாய் அடுக்கிப் பாருங்கோ. ஏலாது. இது முதன்மை எண். ஒண்டாலையும் தன்னாலையும் மட்டும்தான் மீதியில்லாமல் பிரியும்."

வென்றால் யாழ்ப்பாணத்துப் போட்டிக்கு அவள் போவாள்.

காலை பத்து மணி. கணித ஆசிரியர் நமசிவாயம் முதலில் வெண்கட்டியால் தரையில் பதினாறு கோடுகள் கீறினார். பிறகு போத்தலைக் கவிழ்த்தார்.

"கோட்டுக்கு அறுபத்துமூண்டு வையுங்கோ, பிள்ளையள்."

கடைசிக் கோடும் நிரம்பியது. ஒன்றும் மிஞ்சவில்லை. மண்டபம் சிரித்தது. பாடசாலை அதிபர் கிருபைரட்ணம் எழுந்தார்.

"பொய்க்கணக்கு. உன்ரை பேரை வெட்டியாச்சு."

பதினொரு மணிக்கு அவள் அவருடைய அலுவலக வாசலில் நின்றாள்.

"எத்தினை போட்டனீ?"

"ஆயிரத்தொன்பது, சேர். முப்பத்தொண்டு மட்டும் உள்ள முதன்மை எண்ணெல்லாத்தாலும் பிரிச்சுப் பாத்தன். அடுத்தது முப்பத்தேழு. அதை அதாலையே பெருக்கினால் ஆயிரத்தொன்பதைத் தாண்டியிடும். பிறகு பாக்கத் தேவையில்லை."

பதினாறு வரிசை, வரிசைக்கு அறுபத்துமூன்று: ஆயிரத்தெட்டு. ஒன்று குறைந்தது. இரவு போத்தல் இருந்த அலுமாரியின் பூட்டைத் திறக்கும் திறப்பு இருவரிடம் இருந்தது. அதிபர் இருவரையும் அழைத்தார்.

"கொட்டையிலை எனக்கென்ன, சேர்?" என்றார் பியோன் சூசைதாசன். "புளியெண்டாலும் குழம்புக்கு உதவும்."

அடுத்து நமசிவாயம்.

"ஏன் மாஸ்ரர், அறுபத்துமூண்டு?"

"நாயன்மார் அறுபத்துமூவர். வாயிலை வந்தது."

சைவருக்குப் பொருத்தமான பதில். அதிபர் தலையாட்டினார். தலை பாதியில் நின்றது.

"அறுபத்துமூண்டை நாயன்மார் தந்தவை. பதினாறை ஆர் தந்தது?"

அதிபர் விடவில்லை.

"எத்தினை கொட்டையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கவிழ்க்க முன்னமே சரியாய்ப் பதினாறு கோடு கீறினீர். இரவு எண்ணினவருக்குத்தான் அது தெரியும். எண்ணி, ஒண்டை எடுத்தீர்."

"ஒரு கொட்டைதானே, சேர். உவளோ எங்கடை பள்ளிக்கூடத்துக்கு முகம்?"

கிருபைரட்ணம் தலைகுனிந்தார். அந்தக் கோடுகள் அவர் கண்முன்னேதான் கீறப்பட்டன. வேறு வீட்டுப் பிள்ளையாயின் அப்போதே கேட்டிருப்பார். தேவாலயத்தில் சமத்துவம் பிரசங்கித்த அவருக்கு, அவளுடைய பிறப்பே போதிய சாட்சியாக இருந்துவிட்டது.

"பேரைத் திருப்பி எழுதிறன், பிள்ளை. இதோடை விடுவம்."

"எல்லாருக்கும் முன்னாலை பொய்யெண்டீங்கள், சேர். அங்கை வந்து சொல்லுங்கோ."

போனார். சொன்னார். எவருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை.

வாசகரே, நாளைக் காலையே உங்கள் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லுங்கள். எந்தப் பிள்ளையின் பெயர் வெட்டப்பட்டது, எதற்காக என்று அதிபரிடம் நேருக்கு நேர் கேளுங்கள். பதில் வரும்வரை வாசலைவிட்டு அசையாதீர்கள்.