ஏற்றியவர் பெயர்

டிசம்பர் மாதத்தில் மாம்பழ வாசனை அடித்தது. புத்தலப்பட்டு மாங்கூழ் ஆலை சீசன் முடிந்து பூட்டிக் கிடக்க, அதன் ஆபீஸ் அறையில் மட்டும் இப்போதுதான் யாரோ அறுத்து வைத்ததுபோல, தித்திப்பாய், தொண்டையில் ஒட்டும்படி. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தின்ற பஜ்ஜியின் சதியாக இருக்கும் என்று தேவேந்திரன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், "நீங்க போங்கண்ணா" என்று வாசலோடு நின்றுவிட்டார்.

வேலை சுலபம். கம்ப்யூட்டரில் வருகைப்பதிவு சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். படிவத்தில் மெஷின் நம்பர், தேதி, ஏற்றியவர் பெயர் மூன்றையும் நிரப்ப வேண்டும். யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் கஸ்டமர் ஆயுசுக்கும் கூப்பிட்டுத் திட்டுவார். அதனால் தொல்லை பிடித்த இடமென்றால் அவனும் கூட வேலை பார்க்கும் கமலக்கண்ணனும் ஒருவர் பெயரை மற்றவர் போட்டுவிட்டு வருவார்கள். பத்து வருஷ நட்பு அப்படித்தான் வளர்ந்தது.

திங்கட்கிழமை இங்கே வந்தவன் கமலக்கண்ணன். பாதியில் நிற்கிறது, நீ போய் முடி என்று அனுப்பியவனும் அவன்தான்.

படிவம் திறந்தது. பெயர் ஏற்கெனவே இருந்தது: தேவேந்திரன்.

சிரித்துக்கொண்டே போன் போட்டான். "இன்னாடா மச்சான், என் தலையில கட்டிட்டியா?"

அந்தப் பக்கம் சிரிப்பில்லை. "என் பேர எடுக்கணும்னா வேற பேரு கேட்டுச்சுடா."

"யாரு கேட்டுச்சு?"

"எனக்குப் புள்ளைங்க கீது. நீ ஒண்டிக்கட்டைதான மச்சான்..."

போன் செத்தது. ஒண்டிக்கட்டை என்று தன்னையே ஊரெல்லாம் கிண்டலடித்தவன் தேவேந்திரன். இன்று அது வலித்தது.

அவன் பெயருக்கு மேலே கமலக்கண்ணன். கோடு போட்டு அடித்திருந்தது. அதற்கும் மேலே முனிரத்தினம். போன வருஷம் அவர்கள் கம்பெனியிலிருந்து இதே ஆலைக்கு வேலைக்கு வந்து, வீடு திரும்பாத முனிரத்தினம். அந்தப் பெயரை யாரும் அடிக்கவில்லை.

எழுந்து ஓடினான். கதவு வெளியே பூட்டியிருந்தது. வாட்ச்மேனின் வண்டி கிளம்பும் சத்தம். தூரமாய். அப்புறம் அதுவும் இல்லை.

விவரம் குறிக்கும்போது ஒருவன் மேஜைக்கடியில் குனிந்து மெஷின் நம்பரை வாசிப்பான், மற்றவன் எழுதுவான். இப்போது மேஜைக்கடியில் யாரோ வாசித்தார்கள். முனிரத்தினத்தின் மூக்கடைத்த குரல். ஒவ்வோர் எண்ணாக.

மெஷின் நம்பர் இல்லை. தேவேந்திரனின் பிறந்த தேதி.

பிறகு, இன்றைய தேதி.

சிபியூ பெட்டியின் திருகு சுற்றியது. உள்ளேயிருந்து. கழன்று விழுந்தது. இன்னொன்று. தகடு விலகியது.

"எழுதிக்கோப்பா."

இருட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்து, பொறுமையாக, பேனாவை நீட்டியது.