இடது காலின் கூலி

பள்ளி விட்டதும் நேராக சென்டருக்குப் போவோம். நான், ஜோவிட்டா, எங்கள் பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பேர். ஒரகடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பல் மருத்துவமனை போல சாய்வு நாற்காலிகள் போட்ட இடம். பலகையில் ‘களைப்பு மாற்று நிலையம்’ என்று இருக்கும். யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. சாய்ந்ததும் கழுத்தில் ஒரு பட்டையைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால், காலையில் வேறு யாரோ பட்ட அலுப்பு நம் உடம்பில் இருக்கும். அதற்குத்தான் கூலி.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் கடையில் பில் போட்டார்களாம், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அதையெல்லாம் இப்போது இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. எங்களிடம் விற்பதற்கு மிச்சமிருப்பது எங்கள் வயதுதான். பதினாறிலிருந்து பத்தொன்பது வரைக்கும் உடம்பு எவ்வளவு அலுப்பையும் ஒரே தூக்கத்தில் கரைத்துவிடும் என்று கண்டுபிடித்து, அந்த வயதுக்கு மட்டும் சட்டத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். அலுப்பை மாற்றலாம், வலியை மாற்றக் கூடாது. வலி பட்டவருக்கே சொந்தம்.

“எனக்கு நானூறுடி. உனக்கு?” என்றாள் ஜோவிட்டா, வெளியே வரும்போது. அவள் ஏற்பது மனக் களைப்பு. வழக்கறிஞர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், விவாகரத்து நடந்துகொண்டிருப்பவர்கள்.

“இருநூத்தி அம்பது.”

“கால் களைப்புக்கு அவ்ளோதான். எங்கூட வந்துடு.”

“நானூறு வாங்கிட்டு வீட்டுக்குப் போய் என்ன பண்ற நீ?”

“சுவத்தப் பாப்பேன்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு நாலு மணி நேரம் இருக்கும்.”

“அப்போ சென்டரோட சேத்து அஞ்சு மணி நேரத்துக்கு நானூறு. மணிக்கு எம்பது ரூபா. நான் வீட்டுல ஒரு மணி நேரம் படுத்துட்டு எந்திரிச்சா போதும், தலை தெளிவா இருக்கும், படிக்கலாம். மொத்தம் ரெண்டு மணி நேரந்தான், எனக்கு மணிக்கு நூத்தி இருபத்தஞ்சு.”

“உன் கணக்கத் தூக்கிக் குப்பைல போடு” என்றாள். ஆனால் மறுநாள் மூன்று பேர் என்னிடம் தங்கள் கூலியைக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்கள். கண் களைப்பு, முதுகுக் களைப்பு, பிள்ளை பெற்றவர்களின் தூக்கக் களைப்பு என்று எல்லாவற்றுக்கும் உண்மைக் கூலி எவ்வளவு என்பது எனக்கு அத்துப்படி. என் விகிதம்தான் எல்லாவற்றையும்விட மேலே நின்றது. காரணம், எனக்கு அலுப்பைக் கொடுக்க ஒரு நிலையான ஆள் இருந்தார். கொடுப்பவரின் உடம்பும் ஏற்பவரின் உடம்பும் எவ்வளவு பொருந்துகிறதோ, அவ்வளவு குறைவாகச் சேதாரம் என்று, என் இருநூற்று ஐம்பதில் முப்பது ரூபாய் அதற்காகவே சேர்த்துத் தந்தது. எங்களுக்குள் அந்த ஒப்பு கிட்டத்தட்ட முழுசு. யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதில் எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு கணக்குப் போட்டவளுக்கு, ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

கடல்நீர்ப் பொறியியல் பட்டயப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் பேட்டரி ஆலையில் ‘நிற்பவர்’. இத்தனை இயந்திரங்களுக்கு ஒரு மனிதர் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்று சட்டம். தொட வேண்டாம், பேச வேண்டாம், உட்காரக் கூடாது. ஒரு ஷிப்ட் நிற்பவருக்கு வரும் சம்பளத்தில் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகும். ஆகவே நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துச் சம்பாதிக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு சென்டருக்குப் போனேன். ஊரான் அலுப்பைச் சுமக்கிற பிழைப்பு என்றால் அம்மாவுக்கு ஆகாது.

அம்மா அப்போதெல்லாம் ஏழு மணிக்குத்தான் வருவாள். வந்தாலும் முன்போலத் தரையில் சாய மாட்டாள். தோசை ஊற்றிக்கொண்டே பாடுவாள். நான் படுத்துக் கிடப்பதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

“நாளெல்லாம் நிக்கிறவ நான். கதை படிக்கிறவளுக்கு என்னடி இவ்ளோ அலுப்பு? இந்த வயசுல நாங்க எப்படி ஓடுவோம் தெரியுமா?”

ஓடினவள்தான். அந்த வயதில் பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டாள். அதிலிருந்து பாரமெல்லாம் இடது காலில்தான். அடுப்படியிலும் கொக்கு மாதிரிதான் நிற்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இடது கெண்டைக்கால் கல்லாகக் கனத்தது. இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். அம்மாவுக்கே என்ன தோன்றியதோ, “சரி, நீட்டு. அமுக்கி விடுறேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் கை நேராக இடது காலுக்குப் போனது. கெண்டைக்காலின் வெளிப்பக்கம், முட்டிக்கு நாலு விரல் கீழே, எங்கே கனத்ததோ அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் குதிகாலுக்கு மேலே இன்னோர் இடம். அங்கேயும் அழுத்தினாள். அந்த இடத்திலேயே அவள் கை நின்றுவிட்டது.

தன் காலை அமுக்கிப் பழகின கை. என் காலிலும் அங்கேதான் முடிச்சு இருந்தது.

“அவனி,” என்றாள். “எந்த சென்டர்டி?”

நான் எழுந்து உட்கார்ந்தேன். சொன்னேன். அவள் மதியம் தன் அலுப்பை இறக்கி வைக்கும் இடமும் அதேதான். காலை ஷிப்டை அங்கே இறக்கிவிட்டு மாலை அரை ஷிப்டுக்கு நிற்கப் போகிறாள். இறக்காதவர்களை ஆலை வாசலில் இருக்கும் கருவி உள்ளே விடாது.

“உனக்கு எவ்ளோ குடுக்குறான்?”

“இருநூத்தி அம்பது.”

“அடப்பாவி! எங்கிட்ட முந்நூத்தி எம்பது வாங்குறானே!”

அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நூற்று முப்பது ரூபாய் கொடுத்து, ஒரே வீட்டில் ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்கு அலுப்பை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். இந்த ஒரு கணக்கை மட்டும் நான் போட்டிருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“யாரோ ஒரு தடிப்பய வாங்கிக்கிறான்னு நெனச்சேன்டி. நல்லா தின்னுட்டு தூங்குவான், அவனுக்கென்னன்னு நெனச்சேன்.”

“நான் நிறுத்திட்டா, அந்த மாதிரி எவனுக்காவது போகும்மா.”

“அவனையும் ஒருத்தி பெத்திருப்பா இல்ல?”

நான் ஏற்காமல் விட்டால் என் கூலி போகும். அவள் இறக்காமல் விட்டால் மாலை ஷிப்ட் போகும். எப்படிப் போட்டாலும் தவணை கட்ட முடியாது. இடம் வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்ததும் அவள் முறைத்தாள். தோசையைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

மறுநாளும் போனேன். பட்டையைச் சுற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல இடது கெண்டைக்கால் கனப்பதற்காகக் காத்திருந்தேன். அது கனக்கவே இல்லை. அலுப்பு வலது காலில் ஏறியது. கெண்டைக்கால், பாதம், விரல்கள் எல்லாம் வலது பக்கம். இடது கால் பள்ளியிலிருந்து வந்தபடியே லேசாகக் கிடந்தது.

ஒரு நாளாவது என் இடது காலுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று, காலை முழுவதும் அவள் அந்த முறிந்த காலில் நின்றிருக்கிறாள். பட்டை சுற்றியிருந்ததால் என்னால் எழ முடியவில்லை. நாற்காலியிலேயே அழுதேன். வலது காலில் அலுப்பு மட்டும்தான் இருந்தது. வலி துளிகூட வரவில்லை.

ஏழு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

“கால் எப்படிடி இருக்கு இன்னைக்கு?” என்று கேட்டாள்.

“பரவால்லம்மா,” என்றேன்.