கணினிக்குள் கோகுலன்

வெள்ளாங்குளம் பாடசாலையின் ஒரே கணினி மறுபடியும் படுத்துவிட்டது. மின் ஆளியைப் போட்டால் உறுமும். திரை நீலமாகும். பிறகு அசையாது.

எல்லோரையும்விடக் கோகுலனுக்குத்தான் கவலை. விளையாட்டுப் போட்டியில், தவளைப் பாய்ச்சலில் அவன் முதலாவதாக வந்த படம் அதற்குள் இருந்தது. அவன் வீட்டுப் படங்கள் எல்லாம் சண்டையில் அழிந்துவிட்டன. அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு அவனை எடுத்த ஒரே படம் இதுதான். "எப்பயடா கொண்டருவாய்?" என்று அவன் அம்மா பூமணி தினமும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் யசோதரன் சேர் மன்னாரிலிருந்து ஓர் இறுவட்டுடன், அதாவது சீடியுடன், வந்தார்.

"கணினியை ஓட வைக்கிற இயங்குதளம் இதில இருக்கு. ஆரும் சும்மா எடுக்கலாம், மற்றவைக்கும் குடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். தமிழிலயும் வேலை செய்யும்."

"நிவாரண அட்டை காட்டத் தேவையில்லையோ சேர்?" என்று கோகுலன் கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் உண்மையாகத்தான் கேட்டான்; முகாமில் சும்மா கிடைத்ததெல்லாம் அந்த அட்டையைக் காட்டித்தான்.

ஜெனரேற்றரில் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய் இருந்தது. இறுவட்டு சுழன்றது. திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன. 'நிறுவாமல் பயன்படுத்திப் பார்' என்றது ஒன்று. 'இப்போதே நிறுவு' என்றது மற்றது.

"நிறுவுங்கோ சேர், கெதியா, நேரமில்லை!" என்றான் கோகுலன். சேரும் சுட்டியை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்," என்றாள் அவன் வகுப்புத் தோழி பிரேமினி. "ஊருக்குத் திரும்பேக்க அப்பா முதல் தனியத்தான் வந்து பாத்தவர். பத்தைக்குள்ள எங்கட பித்தளைக் குடம் கிடந்தது. அதை எடுத்து வைச்சிட்டுத்தான் பத்தையை அழிக்க டோசர் பிடிச்சவர். இல்லாட்டிக் குடமும் நசிஞ்சு போயிருக்கும்."

சேரின் கை நின்றது. "உண்மைதான் பிள்ளை. நிறுவினால் பழசெல்லாம் அழிஞ்சிடும். நான் யோசிக்கேல்லை."

"பாத்துக்கொண்டிருந்தா எண்ணெய் முடிஞ்சிடும்!" என்று கோகுலன் குதித்தான்.

"முடிஞ்சா திங்கக்கிழமை நிறுவலாம். உன்ர படம் போனா எந்தக் கிழமை வரும்?" என்றாள் பிரேமினி.

கோகுலன் குதிப்பதை நிறுத்தினான்.

சேர் 'நிறுவாமல் பயன்படுத்திப் பார்' என்பதை அழுத்தினார். கணினி ஆமை வேகத்தில் எழும்பியது. பிரேமினி கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். புள்ளிப் பட்டியல் வந்தது. அதிபரின் கடிதங்கள் வந்தன. கோகுலன் நகத்தைக் கடித்தான்.

அடுத்ததில் அவனே இருந்தான்! அந்தரத்தில், கண்கள் பிதுங்க, வாயை ஆவென்று திறந்தபடி.

"அசல் தவளைதான்!" என்று யாரோ கத்தினார்கள். கோகுலனுக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி.

சேர் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுத்தார். அதைக் கழற்றவும் ஜெனரேற்றர் இருமி நிற்கவும் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை இயங்குதளத்தை நிறுவினார்கள். 'வன்வட்டில் உள்ள அனைத்தையும் அழிக்கவா?' என்று கணினி கேட்டது. இந்த முறை 'ஆம்' என்பதை அழுத்தியது கோகுலன்தான். அழுத்துவதற்கு முன் சேரின் சட்டைப் பையில் பென் டிரைவ் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டான்.

அந்த வாரமே சேர் மன்னாரில் படத்தை அச்சிட்டுக் கொடுத்தார். கோகுலன் பிரேமினியையும் வீட்டுக்குக் கூட்டிப் போனான். பூமணி அதைத் தகரச் சுவரில் மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாயேக்கயாவது வாயை மூடியிருக்கலாம்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரேமினியின் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.