ஒரு கையளவு ஈரம்

மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பின்னால் இருந்த அந்தத் தோட்ட பங்களாவுக்குக் கயல் வந்து சேர்ந்தபோது, வெயில் தாழ்ந்து தூண்களின் தலையில் மட்டும் மிச்சமிருந்தது. "உங்கம்மா சாமானெல்லாம் இங்கயே கெடக்கும்மா, வந்து எடுத்துட்டுப் போ" என்று மேஸ்திரி நல்லசிவம் போன் செய்திருந்தார். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள்.

நூறு வருஷத்துக் கட்டடம். பழுது பார்த்து, பழையபடியே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்த்து நெருக்கி அடுக்கிய கூரை. அதற்கும் மேலே சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டி இறுக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை பட்டுத் துள்ளினால் வேலை முடிந்தது. அதுவரை நிறுத்தக் கூடாது.

அந்த வரிசையில் உட்கார்ந்தபடியேதான் கயலின் அம்மா சுலோச்சனா போன மாதம் செத்துப்போனாள். உச்சி வெயில்.

"தல சாச்சிக்கினு குந்திகீறான்னுதான் நெனச்சோம் கண்ணு" என்றாள் ஜமீலுன்னிசா. அம்மாவுக்கு அடுத்த இடம் அவளுடையது. "நாங்க பாட்டுக்குத் தட்டிக்கினே இருந்தோம். கொஞ்ச நேரம்."

கயல் வேலை செய்யும் தி.நகர் துணிக்கடையில், உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சேதி அவளுக்கு எட்டியபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். கண்ணாடி வழியே பார்த்ததோடு சரி. கடைசியாக அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது அன்றிலிருந்து அவளை விடவில்லை.

சோற்று டப்பா, புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் சட்டை, தலையில் கட்டும் துணி. பையைக் கொடுத்த பிறகும் மேஸ்திரி நகரவில்லை. மற்றவர்கள் கை கால்கூடக் கழுவாமல் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் மாடியைப் பார்க்கவில்லை.

தொப்.

"மேல யாருண்ணே?"

"யாரும் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "தளம் பூரா கல்லாட்டம் ஆயிடுச்சும்மா. அவங்க உக்காந்த எடம் மட்டும் எறுகவே இல்ல. நாங்களும் தட்டிப் பாத்துட்டோம். நாளைக்கு அத்த வெட்டி எடுத்துட்டுப் புதுசா போடச் சொல்லிட்டாங்க."

தொப்.

"வெட்டறதுக்கு மின்ன நீ ஒருவாட்டி கை வையி" என்றாள் ஜமீலுன்னிசா. "வேலைய பாதில வுட்டுட்டு எந்திரிக்கிற பொம்பளையா அவ? முடிச்சாத்தான் போவா."

"நீயும் வாயேன்க்கா."

"அவ போனப்பறம் நான் ஒருக்கா போய்க் குந்துனேன். தண்ணி தெளின்னு முழங்கையால இடிச்சா. எப்பவும் இடிக்கிற மாறியே." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னால ஆவாது கண்ணு."

சுழல்படியில் கயல் தனியாக ஏறினாள். ஏற ஏறப் புளித்த வெல்ல வாசனை கனத்தது. மாடியில் வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. தூரத்தில் கோபுர விளக்கு எரிந்தது. காலடியில் தளம் கல்லாக இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அகலத்துக்கு மட்டும் ஈரம் மினுங்கியது.

யாரும் இல்லை.

தொப்.

ஈரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. கட்டையின் அகலத்துக்கு.

கயலின் கால்கள் படியை நோக்கித் திரும்பின. உடம்பு திரும்பவில்லை. சுவரில் சாத்தியிருந்த அம்மாவின் கட்டையை எடுத்தாள்.

பிடி சூடாக இருந்தது.

உட்கார்ந்து தட்டினாள். அவள் ஒன்று தட்டினால் எதிரே ஒன்று விழுந்தது. சற்று நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. பக்கத்து வாளியிலிருந்து தண்ணீர் தெளிக்க மறந்தபோது முழங்கையில் இடி விழுந்தது. மெதுவாக. வலிக்காமல்.

"அம்மா" என்றாள்.

எதிர்த் தட்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அவ்வளவுதான் பதில். ஆனாலும் கயல் பேசினாள். கடையில் நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குவதை, வீட்டில் கேஸ் தீர்ந்ததை, சேதி வந்த அன்று கடையில் யாருமே தன்னைக் கூப்பிட்டுச் சொல்லாததை. கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. ஈரம் ஓரங்களிலிருந்து சுருங்கிவந்தது. தொப் என்ற சத்தம் டங்கென்று மாறியது.

எதிர்த் தட்டு மெலிந்துகொண்டே போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது இறுகினால் அம்மா எழுந்து போய்விடுவாள்.

கையளவு ஈரம் மிச்சமிருந்தது. கயல் கட்டையை உயர்த்தினாள். அந்தரத்திலேயே வைத்திருந்தாள். எதிரே இருந்ததும் காத்திருந்தது.

கட்டையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று படியடியில் மேஸ்திரி கேட்டார்.

"முடிஞ்சுது. மேல ஓடு பதிச்சுருங்கண்ணே."

மறுநாளே, யாரும் தொட்டுக்கூடப் பார்க்காமல், அவசர அவசரமாக ஓடு பதித்துப் பூசிவிட்டார்கள்.

அடுத்த சித்திரையில் பங்களாவைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். வார விடுமுறையில் கயல் கூட்டத்தோடு உள்ளே வந்தாள். சுற்றிக் காட்டிய பெண் உத்தரங்களைக் காட்டி, இதற்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ் என்றாள். எல்லாரும் அண்ணாந்தார்கள்.

தொப்.

"அது என்ன சத்தம்?" என்றார் ஒருவர்.

"வெயிலுக்கு ஓடு விரியுது சார். அடிக்கடி கேக்கும்."

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. கயல் நின்றாள். அடுத்த தட்டு வரவே வெகு நேரமானது. அதற்கடுத்தது இன்னும் தாமதமாக வந்தது. கை ஓய்ந்தவள், கட்டையை மடியில் வைத்து மூச்சு வாங்கிவிட்டுத் தூக்குகிற தட்டு.

"போதும்மா" என்று முணுமுணுத்தாள். "வுட்டுடும்மா."

தொப்.

ஓடு, பூச்சு, சுற்றிலும் கல்லான தளம். இனி அந்த இடத்தை அவள் கையால் தொட முடியாது.

உத்தரத்துக்கும் செங்கல்லுக்கும் இடையிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. சொட்டு வெதுவெதுப்பாக மூக்கோரம் வழிந்து உதட்டைத் தொட்டது.

உப்புக் கரித்தது.