அட்மின் உரிமை கேட்டவர்

மருத்துவமனையின் பழைய பிணவறைக்கு வெள்ளையடித்துக் கம்ப்யூட்டர் அறை ஆக்கியிருந்தார்கள். "ஏசி செலவே இல்லடா" என்று பெருமைப்பட்டார் மேனேஜர். அவர் என் சித்தப்பா. வேலை வாங்கித் தந்தவரும் அவரே.

வேலை எளிது. எங்கள் வெப்சைட்டுக்குள் யாரும் தானாக நுழைய முடியாது. அட்மினாகிய நான் ஓர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுத்தால்தான் உள்ளே. எனக்கு முன்னால் அட்மினாக இருந்தவர் இதே நாற்காலியில் செத்துப்போனார். நாற்காலியை மாற்றவில்லை. நல்ல நாற்காலியாம்.

முதல் நாள் மதியமே, ஃபினாயில் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. அழுகிய பூவும் ஈரத் துணியும் கலந்தது போல.

பிடரியில் குளிர்ந்த மூச்சு.

"தம்பி... எனக்கொரு அட்மின் அக்கவுண்ட் போட்டுக் குடுங்க."

திரும்பினேன். யாருமில்லை.

"பழைய அட்மினா?"

"ஆமா. செத்த மறுநாளே என் அக்கவுண்ட்டத் தூக்கிட்டாங்க."

"சும்மா பாக்குறதுக்குன்னா சாதா அக்கவுண்ட் போதுமே?"

"நான் மட்டும் இல்ல தம்பி. வெளியே நிறைய பேர் நிக்கிறாங்க. அவங்களையும் சேத்துவிடணும்."

சுவருக்குள் பலர் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

பயத்திலும் வாய் அடங்கவில்லை. "மேனேஜர் ஒப்புதல் வாங்கிட்டு வாங்க."

யாரையும் தட்டிக்கழிக்கச் சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியம் அது.

மூச்சு விலகியது.

போய்விட்டது.

சித்தப்பாவின் அறைக்கு.

ஓடினேன். சித்தப்பாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. தொண்டையில் ஐந்து விரல் பள்ளங்கள். விரல்களைத்தான் காணோம்.

"போட்டுக்... குடுத்துத் தொலைடா..."

"மாட்டேன் சித்தப்பா."

அவர் மேசைக் கம்ப்யூட்டரில் அவருடைய அட்மின் அக்கவுண்ட் திறந்தே இருந்தது. அதிலிருந்து ஒரு சாதா அக்கவுண்ட் போட்டேன். பார்க்கலாம், யாரையும் சேர்க்க முடியாது.

"இவ்வளவுதான் உங்களுக்கு. அவரை விடுங்க!"

பள்ளங்கள் மறைந்தன. சித்தப்பா இருமினார். நிமிர்ந்தார். கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற மனிதர், பத்து விரல்களாலும் அடிக்க ஆரம்பித்தார்.

திரையில் புதுப் பெயர்கள் முளைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், உள்ளே வந்தாயிற்று என்று ஒரு பச்சைப் புள்ளி.

"உங்க சித்தப்பாவோட அக்கவுண்ட்டே போதும் தம்பி" என்றார் சித்தப்பா.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

"எங்க சித்தப்பா உடம்புக்குள்ள வர உனக்கு யாருய்யா ஒப்புதல் குடுத்தா? எறங்கு!"

விரல்கள் நிற்கவில்லை. வராண்டாவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

நானும் வயரை விடவில்லை.